குரலால் மின்னஞ்சலும் இணையமும்: பெங்களூருத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மணிக்கட்டு வலி, விபத்தில் ஏற்பட்ட காயம், பக்கவாதம், கைநடுக்கம், பிறவியிலிருந்தே உள்ள உடல் குறைபாடு என்று காரணம் எதுவாக இருந்தாலும், விசைப்பலகையையும் மவுஸையும் வழக்கம்போலப் பயன்படுத்த முடியாதவர்கள் தங்கள் அஞ்சலைத் தாங்களே படிக்கவும், பதில் எழுதவும், இணையதளங்களைப் பார்க்கவும் உதவுவதற்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களில் பணிபுரியும் இளைஞர்களும், அல்சூர், ஃபிரேசர் டவுன், ராமமூர்த்தி நகர் போன்ற பகுதிகளில் வாழும் மூத்தவர்களும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளும் கேட்ட கேள்விகளே இங்கே உள்ளன. குரலால் கணினியை இயக்க விரும்புபவர் முதலில் செய்ய வேண்டியது, குறைவாகப் பேசினாலே வேலை முடியும்படி அஞ்சல்பெட்டியையும் உலாவியையும் ஒழுங்குபடுத்திக்கொள்வதுதான் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதை ஒட்டியே அமைந்துள்ளன.

அலெக்சாவிடமும் சிரியிடமும் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். இது அதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

குரலைப் புரிந்துகொள்ளும் மென்பொருள்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். முதல் வகை, அலெக்சா, சிரி போன்ற உதவியாளர்கள். இவை கேள்விக்கு விடை சொல்லும், அலாரம் வைக்கும், பாட்டுப் போடும். ஆனால் திரையில் திறந்திருக்கும் ஓர் இணையப் பக்கத்தின் நான்காவது இணைப்பை அழுத்தச் சொன்னால் பொதுவாக இவற்றால் இயலாது. இரண்டாம் வகை, குரல்வழித் தட்டச்சு. நாம் சொல்வதை எழுத்தாக்குவது மட்டுமே இதன் வேலை. மூன்றாம் வகை, குரல் கட்டுப்பாடு. பொத்தானை அழுத்துவது, பக்கத்தை நகர்த்துவது, சாளரத்தை மாற்றுவது, சொல்லைத் தேர்ந்தெடுத்து அழிப்பது என்று கையால் செய்யும் எல்லாவற்றையும் குரலால் செய்ய இது இடம் தருகிறது. கையை முழுவதும் பயன்படுத்த முடியாதவருக்கு இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே தேவைப்படும். கை ஓரளவு ஒத்துழைக்கும் என்றால், நீண்ட பத்திகளைக் குரலால் எழுதிவிட்டு, ஓரிரண்டு சொடுக்குகளை மட்டும் கையால் செய்வது பல வேளைகளில் விரைவாக முடியும்.

எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது? விலை கொடுத்து வாங்க வேண்டுமா?

பெரும்பாலானோர் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பு முதல் வாய்ஸ் ஆக்சஸ் என்னும் வசதி அமைப்புகளின் அணுகல்தன்மை (ஆக்சசிபிலிட்டி) பகுதியிலேயே உள்ளது. மொழிக்கோப்பை ஒருமுறை தரவிறக்கிய பிறகு இணையம் இல்லாமலும் இயங்கும். பழைய விண்டோஸ் ஸ்பீச் ரெக்கக்னிஷனின் இடத்தை 2024 செப்டம்பர் முதல் இதுவே எடுத்துக்கொண்டது. விண்டோஸ் 10 கணினியில் இது கிடையாது. ஆப்பிள் நிறுவனத்தின் வாய்ஸ் கன்ட்ரோல் 2019-இல் ஐஓஎஸ் 13, மேக்ஓஎஸ் கேட்டலினா ஆகியவற்றுடன் வந்தது. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு கூகுளின் வாய்ஸ் ஆக்சஸ் செயலி 2018 முதல் கிடைக்கிறது. விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஒரே பெயர் இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் படைப்புகள். கட்டளைகளும் சற்று மாறுபடும்.

விலையுள்ளவற்றுள் பெயர்பெற்றது டிராகன். 1990-இல் வந்த டிராகன் டிக்டேட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே நிறுத்திப் பேச வேண்டியிருந்தது. இயல்பாகத் தொடர்ந்து பேசினாலே எழுதும் டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங் 1997-இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய ஜேம்ஸ் பேக்கர், ஜேனட் பேக்கர் தம்பதியர் இத்துறையின் முன்னோடிகள். பின்னர் நுவான்ஸ் நிறுவனத்திடம் சென்ற டிராகன், அந்நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2022-இல் வாங்கியபோது அதனுடன் சேர்ந்தது. நாள் முழுவதும் ஆங்கிலத்தில் எழுதும் வழக்கறிஞர்களுக்கும் மருத்துவர்களுக்கும் அது இன்றும் பயன்படலாம். மேக் கணினிக்கான டிராகன் 2018-இலேயே நிறுத்தப்பட்டது. தமிழ் அதில் இல்லை. எனவே கணினியிலேயே இருக்கும் இலவச வசதியைச் சில வாரங்கள் பழகிப் பார்த்து, அதில் எது போதவில்லை என்று தெளிவாகத் தெரிந்த பிறகே பணம் செலவிடுவது நல்லது.

தமிழிலேயே கட்டளையிட முடியுமா?

இக்கேள்விதான் மிகுதியாக வருகிறது. தமிழில் எழுத முடியும்; தமிழில் கட்டளையிட முடியாது. விண்டோஸ், ஆப்பிள், ஆண்ட்ராய்டு ஆகிய மூன்றின் குரல் கட்டுப்பாட்டிலும் ஆங்கிலமும் வேறு சில மொழிகளும் உள்ளன; தமிழ் இல்லை. குரல்வழித் தட்டச்சின் நிலை வேறு. 2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் ஒரே சமயத்தில் சேர்த்த இந்திய மொழிகளுள் தமிழும் கன்னடமும் இருந்தன. அதன் பிறகு ஜிபோர்டு விசைப்பலகையிலும், கூகுள் டாக்ஸிலும், விண்டோஸின் குரல்வழித் தட்டச்சிலும் தமிழில் பேசியே எழுதலாம் என்னும் நிலை வந்துவிட்டது.

நம் ஊரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் மைல் ஆய்வகம் ஏறத்தாழ 150 மணி நேரத் தமிழ்ப் பேச்சுத் தொகுப்பை ஆய்வாளர்கள் பயன்படுத்துவதற்காகத் திறந்து வைத்துள்ளது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும், 2022-இல் தொடங்கப்பட்ட, இந்திய மொழிகளுக்கான அரசின் பாஷினி திட்டமும் இதே திசையில் உழைத்து வருகின்றன. பேச்சை எழுத்தாக்கும் ஆற்றல் இவ்வளவு வளர்ந்த பின்பும், ஒரு பொத்தானை அழுத்து என்று தமிழில் சொல்ல வழியில்லாதிருப்பது வருந்தத்தக்கது. ஆங்கிலம் அறியாத ஒரு தமிழ் மூதாட்டிக்கு அவருடைய கணினி இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை என்றே இதற்குப் பொருள்.

இன்றைய நிலையில், கட்டளை ஆங்கிலத்திலும் எழுத்து தமிழிலும் என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. தேவையான ஆங்கிலக் கட்டளைகள் மிகக் குறைவு என்பதால் ஆங்கிலம் சரளமாகப் பேசாதவர்களும் அவற்றை மனப்பாடமாகக் கற்றுக்கொள்ள முடியும். மொழி அமைப்பில் இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் நம் உச்சரிப்பை மென்பொருள் எளிதாகப் புரிந்துகொள்ளும். அமெரிக்க உச்சரிப்பைப் போலியாகச் செய்து பார்க்க வேண்டியதில்லை.

எந்த மைக்கை வாங்குவது? எங்கள் வீடு முக்கியச் சாலையை ஒட்டியிருக்கிறது.

மடிக்கணினியிலேயே உள்ள மைக், அறையில் உள்ள எல்லா ஒலிகளையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளும். மின்விசிறி, குக்கர் விசில், எதிர்மனையில் நடக்கும் கட்டட வேலை, வெளியே ஓயாத ஹார்ன் என்று பெங்களூரு வீடுகளில் ஒலிக்குக் குறைவில்லை. யூஎஸ்பி வழியாக இணையும், வாயருகே நீளும் தண்டுடைய ஹெட்செட்டே சிறந்தது. மைக் வாய்க்கு நேராக இல்லாமல் உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்க வேண்டும். நேராக இருந்தால் மூச்சுக்காற்று மோதி, பேசாத சொற்கள் திரையில் தோன்றும்.

புளூடூத் ஹெட்செட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பாட்டுக் கேட்கும்போது தரமாக ஒலிக்கும் அதே கருவி, மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் தொலைபேசி உரையாடலுக்கான குறைந்த தரத்துக்கு மாறிவிடுவதுண்டு. விநாடிக்கு 8,000 மாதிரிகள் மட்டுமே எடுக்கும் பழைய முறையில் இயங்கினால் ச, ஸ, ஃப போன்ற ஒலிகளைப் பிரித்தறிவது மென்பொருளுக்குக் கடினமாகிறது. ஹெட்செட்டைத் தானே தலையில் மாட்டிக்கொள்ள முடியாதவர்கள், மேசையில் நிறுத்தி வைக்கும் ஒருதிசை மைக்கைத் தேர்ந்தெடுக்கலாம். உதவிக்கு ஆள் இல்லாத நேரத்திலும் அது பயன்படும்.

ஓர் அஞ்சலைத் திறந்து, படித்து, பதில் அனுப்புவது வரை எப்படிச் செய்வது?

விண்டோஸ் 11-இல் ஜிமெயிலை உலாவியில் பயன்படுத்துவதாகக் கொள்வோம். வேறு அஞ்சல் சேவைகளிலும் இதே முறை பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் செய்ய வேண்டியது அஞ்சல்பெட்டியை ஒழுங்குபடுத்துவது. ஷோ நம்பர்ஸ் என்று சொன்னால் திரையில் அழுத்தக்கூடிய ஒவ்வொன்றின் மீதும் ஓர் எண் தோன்றும். கிளிக் 42 என்று சொன்னால் அந்த எண்ணுள்ள இடம் அழுத்தப்படும். ஆனால் ஜிமெயிலின் முகப்பில் ஒவ்வொரு அஞ்சல் வரிக்கும் தேர்வுப்பெட்டி, நட்சத்திரம் என்று பல அழுத்திடங்கள் இருப்பதால், எண்கள் ஒன்றின் மேல் ஒன்று நெருங்கி வந்து கண்ணைக் குழப்பும். ஆகவே பக்கவாட்டுப் பட்டைகளை மூடிவிட வேண்டும். விளம்பர அஞ்சல்களும் வங்கி அறிவிப்புகளும் முகப்புக்கே வராதபடி வடிப்பான்களை அமைக்க வேண்டும். ஒரு திரைக்குக் காட்டப்படும் அஞ்சல்களின் எண்ணிக்கையையும் குறைக்கலாம். உயர்நிலை அமைப்புகளில் ஆட்டோ அட்வான்ஸ் என்பதைச் செயல்படுத்திவிட்டால், ஓர் அஞ்சலைக் காப்பகத்துக்கு அனுப்பியதும் அடுத்தது தானாகவே திறக்கும். முகப்புக்குத் திரும்பி மீண்டும் எண் கேட்கும் வேலை ஒவ்வொரு அஞ்சலுக்கும் மிச்சமாகும். அதே இடத்தில் உள்ள டெம்ப்ளேட் வசதியில், அடிக்கடி எழுதும் பதில்களைச் சேமித்து வைக்கலாம். இவ்வேலைகளுக்கு ஒரு நாள் யாராவது உடனிருந்து உதவினால் போதும்.

இனி, குடியிருப்போர் சங்கத்திடமிருந்து தண்ணீர் லாரிக் கட்டணம் குறித்து ஓர் அஞ்சல் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாய்ஸ் ஆக்சஸ் வேக் அப் என்று மென்பொருளை எழுப்புகிறீர்கள். ஷோ நம்பர்ஸ் சொல்லி, உரிய எண்ணை அழுத்தி அஞ்சலைத் திறக்கிறீர்கள். நீளமாக இருந்தால் ஸ்கிரோல் டவுன். படித்து முடித்ததும் கிளிக் ரிப்ளை. அதே பெயரில் இரண்டு பொத்தான்கள் இருந்தால் மென்பொருள் இரண்டுக்கும் எண் கொடுத்து எது என்று கேட்கும். பதில் பெட்டி திறந்ததும் ஆங்கிலத்தில் எழுதுவதானால் அப்படியே பேசத் தொடங்கலாம். கடைசியாகச் சொன்ன தொடர் தவறாக விழுந்தால் ஸ்கிராட்ச் தட் என்றால் அது நீங்கும். ஒரு சொல் மட்டும் தவறு என்றால் கரெக்ட் என்பதுடன் அச்சொல்லைச் சேர்த்துச் சொன்னால் மாற்றுச் சொற்கள் எண்ணிட்ட பட்டியலாக வரும். முடிவில் கிளிக் சென்ட்.

பதிலைத் தமிழில் எழுத வேண்டுமானால் இரண்டு வழிகள் உள்ளன. கைபேசியைத் தொட முடிபவர்கள் ஜிமெயில் செயலியில் ஜிபோர்டின் மைக்கை அழுத்தித் தமிழில் பேசி, வரைவாகச் சேமிக்கலாம்; அது கணினியிலும் உடனே தோன்றும். கையே பயன்படாதவர்களுக்கு கூகுள் டாக்ஸ் உதவும். அதில் குரல்வழித் தட்டச்சுப் பெட்டியைத் திறந்து மொழியைத் தமிழாக்கி, மைக் படத்தை எண் சொல்லி அழுத்திய உடனே வாய்ஸ் ஆக்சஸ் ஸ்லீப் என்று கட்டுப்பாட்டு மென்பொருளை உறங்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் பேசும் தமிழை அது ஆங்கிலமாகக் கேட்டுக்கொண்டு ஆவணத்தின் நடுவே ஏதாவது எழுதும். உறங்கச் சொன்ன சொற்களும் பின்னர் எழுப்பும் சொற்களும் ஆவணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பதிந்திருக்கும்; அவற்றை அழித்துவிட்டு, மீதியை நகலெடுத்து அஞ்சலில் ஒட்டிக்கொள்ளலாம். சுற்றுவழிதான் என்றாலும் தமிழில் முழு அஞ்சலையும் கையே படாமல் எழுத இது இடம் தருகிறது.

முகவரியைச் சொல்லும்போது அட் தி ரேட் என்றே எழுதிவிடுகிறது. என்ன செய்வது?

நாம் அனைவரும் அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். மென்பொருள் எதிர்பார்ப்பது அட் சைன் என்பதை. ஆனால் முழு முகவரியையும் குரலால் சொல்ல முயல்வதே வீண் உழைப்பு. நீங்கள் எழுதும் எல்லோரையும் தொடர்புப் பட்டியலில் எளிய பெயர்களுடன் சேர்த்து வைத்தால், பெயரின் முதல் சில எழுத்துகளைச் சொன்னதும் முகவரி தானாக வரும். உங்கள் சொந்த முகவரி, வீட்டு விலாசம், கையொப்பம் ஆகியவற்றை விண்டோஸ் வாய்ஸ் ஆக்சஸின் குரல் குறுக்குவழியாக அமைத்துவிட்டால், மை அட்ரஸ் போன்ற ஒரு தொடரால் முழுவதும் ஒட்டப்படும். ராமமூர்த்தி நகர், பானஸ்வாடி, தொம்லூர் என்று நம் பகுதிப் பெயர்களை ஆங்கில மென்பொருள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகச் சிதைக்கும் என்பதால், விலாசத்துக்கு இவ்வழியே ஏற்றது.

ஜிமெயிலின் ஓரெழுத்துக் குறுக்குவழிகளை இயக்கினால் வேலை எளிதாகுமா?

இயக்க வேண்டாம் என்பதே என் அறிவுரை. இதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. இக்குறுக்குவழிகள் செயல்படும்போது, ஈ என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தினால் அஞ்சல் காப்பகத்துக்குப் போகும்; ஆர் என்றால் பதில் பெட்டி திறக்கும்; எம் என்றால் அந்த உரையாடல் மௌனமாக்கப்படும். விரலால் இயக்குபவருக்கு இது மிகப் பெரிய வசதி. குரலால் இயக்குபவருக்கோ, பேசும் ஒவ்வொரு சொல்லும் எழுத்துகளின் தொடராகவே உலாவிக்குச் சென்று சேர்கிறது. கர்சர் எழுதும் பெட்டியில் இல்லாமல் அஞ்சல் வரிசையில் நிற்கும் வேளையில், அறைக்குள் வந்த ஒருவர் "காபி கலக்கட்டுமா?" என்று கேட்டால், மென்பொருள் அதை ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லாகக் கேட்கும், அச்சொல்லின் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளையாகி, ஒரு நொடிக்குள் சில அஞ்சல்கள் இடம் மாறிவிடும். எவை மாறின என்று தெரிந்துகொள்வதும் எளிதன்று. மௌனமாக்கப்பட்ட உரையாடலுக்குப் பிறகு வரும் பதில்கள் முகப்பில் தோன்றாமலே போகும் என்பதால், அது எல்லாவற்றிலும் மோசமானது.

இந்த இடர் உலக அளவில் அறியப்பட்டதே. இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டியின் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பான 2.1-இல், 2.1.4 என்னும் விதி இதற்காகவே சேர்க்கப்பட்டது. ஓரெழுத்துக் குறுக்குவழி உள்ள தளம், அதை அணைக்கவோ மாற்றவோ வழி தர வேண்டும் அல்லது குறிப்பிட்ட பகுதி தேர்வில் இருக்கும்போது மட்டுமே அது செயல்படும்படி செய்ய வேண்டும் என்று அவ்விதி கூறுகிறது. ஜிமெயிலில் இவை தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். முன்பு யாராவது இயக்கி வைத்திருந்தால் அமைப்புகளில் சென்று அணைத்துவிடுங்கள். கட்டாயம் வேண்டும் என்பவர்கள், அஞ்சல் வரிசையில் இருக்கும் நேரம் முழுவதும் கமாண்ட் மோட் என்று சொல்லி மென்பொருளைக் கட்டளைகளை மட்டும் ஏற்கும் நிலையில் வைத்திருக்க வேண்டும்.

தவறுதலாக அனுப்பிவிட்டால் திரும்பப் பெற முடியுமா?

ஜிமெயில் அமைப்புகளில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் கால அளவை 30 நொடிக்கு உயர்த்துங்கள்; 5, 10, 20, 30 என்று நான்கு அளவுகள் உண்டு. குரலால் அன்டூ சொல்லி அழுத்த 5 நொடி போதாது. பெறுநர் முகவரியை அஞ்சல் முழுவதும் எழுதிச் சரிபார்த்த பிறகே சேர்ப்பது இதைவிடப் பாதுகாப்பானது. ஆண்ட்ராய்டு செயலியில் அனுப்பும் முன் உறுதி கேட்கும் அமைப்பும் உள்ளது.

தமிழில் பேசி எழுதும்போது ஏன் இத்தனை பிழைகள்? எப்படிக் குறைப்பது?

மென்பொருள் நாம் பேசியதையே எழுதுகிறது. நாம் எழுத நினைத்ததை அன்று. "நாளைக்கு வந்துடறேன், டாக்குமென்ட்ஸ் அனுப்பிச்சிருக்கேன்" என்று பேசினால் அதுவே திரையில் வரும், அல்லது அதை எழுத்து வழக்குக்கு இழுக்க முயன்று பாதியில் நிற்கும். அலுவல் அஞ்சலுக்கு "நாளை வந்துவிடுகிறேன், ஆவணங்களை அனுப்பியுள்ளேன்" என்று எழுத்துத் தமிழிலேயே பேச வேண்டும். முதல் சில நாள் மேடையில் நிற்பதுபோல் கூச்சமாக இருக்கும், பிறகு பழகிவிடும். குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் எழுதும்போது பேச்சு வழக்கிலேயே விட்டுவிடலாம். அதில் பிழை என்று எதுவும் இல்லை.

ஒலியால் நெருங்கிய சொற்கள் அடுத்த சிக்கல். வலி, வழி, அரை, அறை, மனம், மணம் போன்றவற்றைப் பெரும்பாலோர் பேச்சில் தெளிவாக வேறுபடுத்துவதில்லை, மென்பொருள் அக்கம்பக்கத்துச் சொற்களைக் கொண்டே ஊகிக்கிறது. ஆகவே ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினால் பிழை கூடும். வாக்கியத்தை மனத்தில் முழுமையாக அமைத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னால் பிழை குறையும். அதைக் கொடு, அதற்குப் பிறகு என்று ஒற்று மிகும் இடங்களில் ஒற்று விடுபடுவது வழக்கம். நிறுத்தற்குறிகளும் தமிழில் நம்பத்தகுந்தபடி விழுவதில்லை. இவற்றைக் கடைசியில் ஒரே தடவையாகத் திருத்தலாம். பிழை கண்ட இடத்திலெல்லாம் நின்று திருத்தத் தொடங்கினால் சொல்ல வந்தது மறந்துபோகும்.

பெங்களூருத் தமிழரின் பேச்சில் கன்னடமும் ஆங்கிலமும் இயல்பாகக் கலந்திருக்கும். "ரெண்டு நிமிஷம் அட்ஜஸ்ட் மாடி" என்று ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி பேசினால் எந்த மென்பொருளும் திணறும். தமிழ்ச் சொற்றொடரில் மீட்டிங், லிங்க், பேமென்ட் போன்ற வழக்கமான ஆங்கிலச் சொற்கள் பொதுவாகச் சரியாகவே வருகின்றன. கன்னடச் சொற்களை மட்டும் அந்த நேரத்துக்குத் தவிர்க்கலாம்.

எழுதியதைக் கண்ணால் படித்துச் சரிபார்ப்பது சிரமம் என்றால், எட்ஜ் உலாவியின் உரக்கப் படிக்கும் வசதியில் பல்லவி, வள்ளுவர் போன்ற தமிழ்க் குரல்கள் உள்ளன. கூகுள் டாக்ஸில் எழுதிய கடிதத்தை ஒரு சாதாரணப் பக்கமாகத் திறந்து அவற்றில் ஒன்றைப் படிக்கச் சொன்னால், கண்ணுக்குத் தப்பிய பிழைகள் காதில் விழும்.

இணையதளங்களில் உலாவுவதற்கு எவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

பொத்தானின் மேல் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லி அழுத்துவதே முதல் வழி. அது வேலை செய்யாவிட்டால் எண்கள். எண்ணும் தோன்றாத இடத்தில் ஷோ கிரிட் என்று சொன்னால், திரை எண்ணிட்ட ஒன்பது கட்டங்களாகப் பிரியும்; ஒரு கட்டத்தின் எண்ணைச் சொன்னால் அக்கட்டம் மீண்டும் ஒன்பதாகும். இப்படி நெருங்கிச் சென்று எந்தப் புள்ளியையும் அழுத்தலாம். வரைபடங்களிலும், ரயில் பெட்டியில் இருக்கை தேர்ந்தெடுக்கும் படங்களிலும் இது ஒன்றே துணை. நீண்ட பக்கத்தில் ஒரு சொல்லைத் தேட, பிரஸ் கன்ட்ரோல் எஃப் என்று சொல்லித் தேடுவது, பக்கம் பக்கமாக நகர்த்துவதைவிட விரைவானது. செய்தித் தளங்களில் உலாவியின் வாசிப்பு முறையை இயக்கினால் விளம்பரங்களும் தானாக ஓடும் காணொளிகளும் மறைந்து, படிக்க வேண்டியது மட்டும் மிஞ்சும். ஓடும் காணொளியின் ஒலியை மைக் எடுத்துக்கொள்ளும் தொல்லையும் அத்துடன் தீரும்.

பெயர் சொல்லியும் பொத்தான் அழுந்தவில்லை என்றால் குற்றம் உங்கள் உச்சரிப்பில் இருக்க வேண்டும் என்பதில்லை. திரையில் தேடுக என்று காட்டிவிட்டு உள்ளே வேறு பெயரை வைத்திருக்கும் தளங்கள் ஏராளம். காட்டும் பெயரும் உள்பெயரும் ஒத்திருக்க வேண்டும் என்று மேற்சொன்ன வழிகாட்டியின் 2.5.3 விதி சொல்கிறது. இந்தியாவுக்கென ஐஎஸ் 17802 என்னும் அணுகல்தன்மைத் தரநிலையும் உள்ளது. உங்களுக்குத் தேவையான ஒரு தளத்தில் இவ்வாறு நேர்ந்தால், எந்தப் பக்கம், எந்தப் பொத்தான் என்று குறிப்பிட்டு அந்நிறுவனத்துக்கு எழுதுங்கள். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்துள்ளது. அதை மேற்கோள் காட்டி எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கடவுச்சொல்லையும் ஓடிபியையும் எப்படிச் சொல்வது?

கடவுச்சொல்லை உரக்கச் சொல்லவே வேண்டாம். கடவுச்சொல் மேலாளரில் சேமித்தால் தானாக நிரம்பும்; கடவுச்சொல்லுக்குப் பதிலாக வந்துள்ள பாஸ்கீ முறையைத் தளம் ஏற்குமானால் முகத்தைக் காட்டியே நுழையலாம். ஓடிபி ஒருமுறைக்கு மட்டுமே செல்லும் என்பதால், தனியே இருக்கும்போது எண்ணெண்ணாகச் சொல்வதில் பெரிய இடரில்லை. அருகில் பிறர் இருந்தால் தவிர்க்க வேண்டும். திரையிலேயே விசைப்பலகை காட்டும் வங்கித் தளங்களில் எண்கள் அல்லது கட்டங்கள் மூலம் ஒவ்வொரு எழுத்தாக அழுத்த வேண்டிவரும். இடையில் நேரம் முடிந்து வெளியேற்றப்படுவதும் உண்டு. அத்தகைய தளத்தைவிட அதே வங்கியின் கைபேசிச் செயலி சில வேளைகளில் எளிதாக இருக்கும்.

அலுவலகத்தில் எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து பேச முடியுமா? நிறுவனம் இதற்கு அனுமதிக்குமா?

திறந்த கூடத்தில் இரு தரப்புக்கும் இடைஞ்சலே. சிறு அறை ஒன்றையோ, வீட்டிலிருந்து பணிபுரியும் நாட்களையோ கேட்டுப் பெறுவது நல்லது. ரகசியம் குறித்த கேள்வியும் எழும். வாய்ஸ் ஆக்சஸும் ஆப்பிளின் வாய்ஸ் கன்ட்ரோலும் குரலைக் கருவிக்குள்ளேயே கையாளுகின்றன. விண்டோஸ் குறியுடன் எச் அழுத்தித் திறக்கும் குரல்வழித் தட்டச்சோ குரலை இணையம் வழியே அனுப்புகிறது. இவ்வேறுபாட்டைத் தொழில்நுட்பப் பிரிவிடம் எழுத்தில் விளக்கினால் ஒப்புதல் கிடைப்பது எளிதாகும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 21-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். உங்கள் கோரிக்கையை அக்கொள்கையைச் சுட்டி மனிதவளப் பிரிவுக்கு எழுதுங்கள். இதைச் சலுகையாகக் கருதித் தயங்க வேண்டியதில்லை.

நாள் முழுவதும் பேசினால் தொண்டை கெடாதா?

கெடக்கூடும். கைவலியிலிருந்து தப்ப வந்தவர் குரல்வலியைச் சேர்த்துக்கொள்வது நடக்கக்கூடியதே. கட்டளை கொடுக்கும்போது பலரும் தம்மை அறியாமல் குரலைத் தாழ்த்தி, ஒரே சுருதியில், ஒவ்வொரு சொல்லையும் அழுத்திப் பேசத் தொடங்குகிறார்கள். தொண்டைத் தசைகள் இறுகுவதற்கு அதுவே காரணமாகிறது. பக்கத்தில் உள்ளவரிடம் பேசும் இயல்பான குரலே போதும். கிசுகிசுப்பதும் தொண்டைக்கு நல்லதன்று. தண்ணீரை அருகில் வைத்து அவ்வப்போது பருகுங்கள். இடையிடையே பேசாமல் படிக்க மட்டும் செய்யும் நேரத்தை ஒதுக்குங்கள். கரகரப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். மைசூருவில் உள்ள அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்தில் குரல் சிகிச்சைக்கென வல்லுநர்கள் உள்ளனர்.

என் தந்தைக்குப் பார்வையும் இல்லை. அவரும் இதைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் வழி வேறு. எண்களும் கட்டங்களும் பார்வையுள்ளவருக்கானவை. கை இயங்குமானால், திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானை விசைப்பலகையோடு கற்றுக்கொண்டு, எழுதுவதற்கு மட்டும் குரலைப் பயன்படுத்துவது எளிது. இரண்டையும் சேர்த்து இயக்கும்போது ஹெட்செட் கட்டாயம். இல்லாவிட்டால் திரைவாசிப்பான் பேசுவதை மைக் கேட்டு மீண்டும் எழுதத் தொடங்கிவிடும்.

பெங்களூருவில் நேரில் கற்றுத் தருபவர்கள் உண்டா?

உதவித் தொழில்நுட்பமும் வேலைவாய்ப்பும் தொடர்பான பயிற்சிக்கு எனேபிள் இந்தியா அமைப்பை அணுகலாம். லிங்கராஜபுரத்தில் 1959 முதல் இயங்கிவரும் உடல் ஊனமுற்றோர் சங்கமான ஏபிடி, மறுவாழ்வுத் துறையில் நீண்ட அனுபவம் உடையது. செல்லும் முன், உங்களுக்கு வேண்டியது குரல் கட்டுப்பாட்டுப் பயிற்சி என்பதைத் தெளிவாகச் சொல்லி, தமிழில் விளக்கக்கூடியவர் இருக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நன்றாக இயங்கிக்கொண்டிருந்த மென்பொருள் திடீரென்று கேட்காமல் போனால்?

பெரும்பாலும் மைக் மாறியிருக்கும். காணொளிக் கூட்டம் ஒன்று முடிந்ததும் கணினி வேறு மைக்குக்குத் தாவியிருக்கலாம். ஒலி அமைப்பில் ஹெட்செட்டை மீண்டும் தேர்ந்தெடுங்கள். அடுத்து, மென்பொருள் உறக்கத்தில் இருக்கிறதா என்று திரையின் மேற்பட்டையில் பாருங்கள். சொல்வதெல்லாம் எழுத்தாக மட்டும் விழுந்து கட்டளை எதுவும் நடக்கவில்லை என்றால் அது எழுதும் நிலையில் சிக்கியிருக்கிறது. டிஃபால்ட் மோட் என்று சொன்னால் பழைய நிலைக்குத் திரும்பும். ஒரே ஒரு தளத்தில் மட்டும் தொல்லை என்றால் அப்பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். எதுவும் பயன்படவில்லை என்றால் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். தனியே வாழ்பவர்கள், கணினியில் உள்நுழையும் முன்பே வாய்ஸ் ஆக்சஸ் தொடங்கும்படியான அமைப்பை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால், மறுதொடக்கத்துக்குப் பிறகு உள்நுழைவதற்கு இன்னொருவரை அழைக்க வேண்டியிராது.